தனியாக ஓட்டும் கேம்பர் வேன் நடுவழியில் நின்றால்: பல வருடப் பயன்பாட்டில் எது கைகொடுத்தது

கேம்பர் வேனில் (உள்ளேயே தங்கி வாழ வசதி செய்த வேன்) பயணம் போகிறவர்கள் அவசரத்துக்கு என்று வாங்கிச் சேர்க்கும் சாமான்களைப் பார்த்தால், முக்கால்வாசி வண்டியைச் சரிசெய்வதற்கானவை. பல வருடமாகப் பெரும்பாலும் தனியாகவே ஓட்டிவருகிறேன். என் அனுபவத்தில், சரிசெய்யும் கருவிகளைவிட, வண்டிக்கு என்ன ஆகியிருக்கிறது என்று சொல்லும் கருவிகளே அதிகம் உதவின. கூட ஓர் ஆள் இருந்தால் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் மீட்டரைப் பார்க்கலாம், போன் போடலாம். தனியாள் என்றால் தொடர்ந்து ஓட்டலாமா, இங்கேயே நிறுத்த வேண்டுமா என்பதை நாமே முடிவுசெய்ய வேண்டும், அதுவும் பதற்றத்தோடு. அந்த நேரத்தில் கையில் ஓர் எண் இருந்தால் பெரிய நிம்மதி.

என்னிடம் இருப்பதிலேயே மலிவானது, லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன வோல்ட் மீட்டர். என் மதிப்பில் முதலிடம் இதற்குத்தான். எஞ்சின் அணைத்துச் சில மணி நேரம் ஆனபின், நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12-க்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.7-க்கும் 14.7-க்கும் நடுவில் இருக்கும். ஓடும்போதே 13-க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால், ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் பாகம்) சார்ஜ் கொடுக்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். (புதிய வண்டிகள் சிலவற்றில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வோல்ட்டை வேண்டுமென்றே குறைக்கும். அதனால் உங்கள் வண்டி நல்ல நிலையில் இருக்கும்போது என்ன காட்டுகிறது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.)

எனக்கு இது பயன்பட்ட விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆள் நடமாட்டம் குறைந்த நெடும்பாதை. டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தது, மீட்டரில் 12.3. அகலமான ஓரம் வந்ததும் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விடாமல் டார்ச் அடித்துப் பார்த்தேன். பெல்ட் அறுபடவில்லை, ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. இதைப் பார்ப்பது மிக முக்கியம். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஒரே பெல்ட்தான் ஓட்டுகிறது. சிலவற்றில் பவர் ஸ்டீரிங்கும் அதில்தான். அந்தப் பெல்ட் அறுந்திருந்தால் அதே பேட்டரி விளக்குதான் எரியும், ஆனால் மேற்கொண்டு ஓட்டினால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்துவிடும். பெல்ட் சரியாக இருந்து ஆல்டர்னேட்டர் மட்டும் செத்திருந்தால், பேட்டரியில் இருப்பதை வைத்துக் கொஞ்ச தூரம் போகலாம்.

முதலில், தங்கும் பகுதிக்கென்று தனியாக இருக்கும் பேட்டரிக்கு எஞ்சின் பக்கத்திலிருந்து சார்ஜ் ஏற்றும் டி.சி.-டி.சி. சார்ஜரை நிறுத்தினேன். அது ஒன்றே 30 ஆம்பியர் வரை இழுக்கும். ஏ.சி., புளோயர், ரேடியோ, போன் சார்ஜர் எல்லாம் அணைத்தாயிற்று. பகல் என்பதால் ஹெட்லைட் தேவைப்படவில்லை. மீட்டர் மெல்ல மெல்ல 12.1, 11.9 என்று இறங்கியது. 11.6 வரும்போது எங்கே இருந்தாலும் அடுத்த பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கிவிடுவது என்று கிளம்பும்போதே தீர்மானித்திருந்தேன். அப்படியே ஒரு திறந்தவெளியில் நிறுத்தினேன். அதன்பிறகு செய்ததுதான் கேம்பர் வேனில் மட்டும் சாத்தியம். கூரையில் சோலார் பேனல், அது ஏற்றிய தங்கும் பகுதி லித்தியம் பேட்டரி, அதிலிருந்து இன்வர்ட்டர், அதில் செருகிய சாதாரண 10 ஆம்பியர் பேட்டரி சார்ஜர், அதன் கிளிப்புகள் எஞ்சின் பேட்டரியில். மதியம் முழுக்க வெயிலில் காத்திருந்து, எஞ்சின் பேட்டரி தேறியதும் மெக்கானிக் இருக்கும் ஊர் வரை ஓட்டிவிட்டேன். இழுவை வண்டி வேண்டியிருக்கவில்லை. அன்று முதல் அந்தச் சார்ஜரை வண்டியை விட்டு இறக்கியதில்லை.

இந்த இடத்தில் ஜம்ப் ஸ்டார்ட்டர் (காலியான பேட்டரியோடு எஞ்சினைக் கிளப்ப உதவும் கையடக்க லித்தியம் பேட்டரி) உதவாது. அது எஞ்சினைக் கிளப்பும், ஓடவைத்துக்கொண்டே இருக்காது. ஆனால் விளக்கு எரிந்தபடி விட்டுத் தூங்கி எழுந்த காலைகளுக்கு அதைப்போல ஒன்று கிடையாது. சிவப்பு கிளிப் பேட்டரியின் பாசிட்டிவில், கறுப்பு கிளிப் பேட்டரியிலிருந்து தள்ளி எஞ்சினின் வெறும் உலோகத்தில். வெயிலில் கொதிக்கும் டாஷ்போர்டில் அதை வைக்காதீர்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். குளிர்ப் பிரதேசத்தில் படுக்கையோரம் வைத்துக்கொள்வேன், உறைகுளிரில் லித்தியம் சோர்ந்துபோகும்.

அடுத்தது ஓ.பி.டி. ஸ்கேனர், வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கும் கருவி. ஸ்டீரிங்குக்குக் கீழே உள்ள 16 முள் சாக்கெட்டில் செருகி, போனில் பார்க்கும் வகை. பழுதைக் குறிக்கும் எண்ணை, அதாவது கோடு (code) படிக்கத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். நான் அதைவிட அதிகம் பயன்படுத்துவது கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையை நேரடியாகப் பார்க்க. பல வண்டிகளில் டாஷ்போர்டு முள் ஓரளவு ஏற்ற இறக்கம் இருந்தாலும் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அது மேலே போகும்போது பாதி விபரீதம் நடந்து முடிந்திருக்கும். ஸ்கேனரிலோ, நீளமான ஏற்றத்தில் 92, 97, 103 டிகிரி என்று ஏறுவது கண்ணெதிரே தெரியும். உடனே ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கியரைக் குறைத்து மெதுவாக ஏறுவேன். உள்ளே வெந்துபோவோம், ஆனால் எஞ்சினின் சூடு கொஞ்சம் நம் பக்கம் வந்துவிடும். அப்படியும் இறங்கவில்லை என்றால் ஓரம் கட்டிவிட வேண்டியதுதான். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடக்கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

கோடு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பி0300 வந்தால் பல சிலிண்டர்களில் மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாக எரியவில்லை), பி0420 வந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் திறன் குறைவு. ஆனால் கோடு அறிகுறியைத்தான் சொல்கிறது, எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்து, சத்தமும் இழுவையும் வழக்கம்போல இருந்தால், கவனமாக அடுத்த ஊர் வரை போவேன். மின்னினால் ஆக்ஸிலரேட்டரை விட்டு நிறுத்திவிடுவேன். மின்னுவது கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடப்பதற்கான எச்சரிக்கை. ஸ்கேனரில் கோடுகளை அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், மெக்கானிக்குக்கு அது வேண்டும். டாஷ்போர்டையும் எஞ்சின் சத்தத்தையும் சேர்த்து ஒரு வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. பட்டறைக்குப் போனதும் அந்தச் சத்தம் வராமல் போவது மெக்கானிக்குகள் எல்லோரும் அறிந்த கதை.

டயர். இங்கேயும் சொல்லும் கருவிக்குத்தான் என் ஓட்டு: வால்வில் திருகும் பிரஷர் சென்சார். மெல்லக் காற்று இறங்குவதை முன்கூட்டியே காட்டிவிடுவதால், பெட்ரோல் பங்கிலோ பஞ்சர் கடையிலோ நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். இப்போது பல வண்டிகளில் ஸ்டெப்னியே கொடுப்பதில்லை, சீலண்ட் பாட்டிலும் கம்ப்ரெஸரும்தான். அந்தப் பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு, தரையைத் தொடும் பகுதியில் உள்ள சின்ன ஓட்டையை மட்டுமே அது அடைக்கும். பக்கச் சுவர் கிழிந்தால் எதுவும் உதவாது. வேன் டயர்கள் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும், அதனால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. போக்குவரத்து விரையும் பக்கத்தில் தனியாக டயர் மாற்றுவதில்லை என்பது என் உறுதி. நமக்காகத் திரும்பிப் பார்க்க அங்கே யாரும் இல்லை. ஒளியைப் பிரதிபலிக்கும் பாதுகாப்பு வெஸ்ட் (மேல்சட்டை) போட்டுக்கொண்டு, மறுபக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக்கு அப்பால் நின்று ஆளைக் கூப்பிடுவேன்.

கூப்பிட சிக்னல் இருக்க வேண்டுமே. 2022-இல் ஐபோன் 14 தொடங்கி செயற்கைக்கோள் வழி அவசர அழைப்பு வந்திருக்கிறது, ஆனால் எல்லா நாட்டிலும் கிடையாது. நான் வைத்திருப்பது இரிடியம் செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் தனிக் கருவி. மாதச் சந்தா வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வண்டி நிற்பது எல்லா நேரமும் உயிர் ஆபத்து இல்லை, எஸ்.ஓ.எஸ். அழுத்தவும் முடியாது. "வண்டி நின்றுவிட்டது, நான் நலம், இந்த இடம், நாளை காலை இழுவை வண்டிக்குச் சொல்" என்று ஒருவருக்கு அனுப்பி, பதிலும் வாங்க முடிவதற்காகவே இதை வைத்திருக்கிறேன்.

சாலை உதவித் திட்டம் எடுப்பவர்கள் விளம்பரத்தை விட்டுவிட்டு எடை, நீளம், உயர வரம்புகளைப் படியுங்கள். காருக்கான திட்டங்கள் பலவற்றில் 3,500 கிலோவுக்கு மேல் போனால் கிடையாது. அழைக்கும்போது இந்த அளவுகளைச் சொல்லாவிட்டால் வந்து சேரும் இழுவை வண்டி நம்முடையதை ஏற்ற முடியாமல் திரும்பிப் போகும். எனக்கு அப்படி ஓர் இரவு வீணாகியிருக்கிறது. சன் வைசரில் எடை, நீளம், உயரம், எஞ்சின் ஓட்டுவது முன் சக்கரங்களையா பின் சக்கரங்களையா எல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வண்டி பட்டறைக்குப் போனால் வீடும் கூடவே போகிறது. அதனால் மருந்து, ஆவணங்கள், சார்ஜர், மாற்றுத்துணி கொண்ட ஒரு பை எப்போதும் கதவோரம் தயார். இழுப்பதற்கு முன் கேஸ் சிலிண்டரை மூடிவிடுங்கள். பட்டறை வளாகத்திலேயே வண்டியில் தூங்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள், சம்மதித்தவர்கள் எனக்குக் கிடைத்திருக்கிறார்கள்.

பெரிய ஸ்பேனர் பெட்டியைப் போன வருடம் இறக்கிவிட்டேன், எடைக்கேற்ற பயன் இல்லை. அந்த இடத்தில் இப்போது என் வண்டிக்கே உரிய பெல்ட் ஒன்று, எரிபொருள் ஃபில்டர், கூலண்ட் ஹோஸ், எல்லா அளவிலும் ஃபியூஸ் இருக்கின்றன. பெல்ட்டை எனக்கு மாட்டத் தெரியாது. ஆனால் சின்ன ஊர் மெக்கானிக்குக்குத் தெரியும், அவரிடம் அந்தப் பாகம்தான் இருக்காது.