மதுரையிலிருந்து இரண்டு நாள்: பழனி–கொடைக்கானலா, திருச்செந்தூர்–மணப்பாடா?

மதுரையில் சனி, ஞாயிறு இரண்டும் சேர்ந்தாற்போல் கிடைத்து, வாசலில் ஒரு காரும் நின்றால், பேச்சு எங்கே சுற்றினாலும் முருகனில்தான் வந்து நிற்கும். அறுபடை வீடுகளில் திருப்பரங்குன்றமும் பழமுதிர்சோலையும் ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அவற்றை யாரும் பயணம் என்று சொல்வதில்லை. சுவாமிமலையும் திருத்தணியும் தூரம். மிஞ்சுவது மலை மேல் பழனி, கடலோரம் திருச்செந்தூர். பழனி என்றதும் "அப்படியே மேலே கொடைக்கானலுக்கும் ஏறிடலாமே" என்று ஒரு குரல் வரும். திருச்செந்தூர் என்றால் "மணப்பாடும் பார்த்துட்டு வரலாம்" என்று இன்னொரு குரல்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் இருந்தால் திருச்செந்தூர். பழனி நல்ல ஒரு நாள் பயணம்; அதன் வாலில் கொடைக்கானலை முடிச்சுப் போடும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

கிலோமீட்டரா, மணிக்கணக்கா?

மதுரையிலிருந்து பழனி சுமார் 120 கி.மீ. திண்டுக்கல் வரை நான்கு வழிச்சாலை, நடுவில் கொடைரோடு சுங்கச்சாவடி. பிறகு ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி. இரண்டரை மணி நேரம் போதும். பழனியிலிருந்து மலைப்பாதையில் கொடைக்கானல் சுமார் 65 கி.மீ. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மதுரை திரும்ப இன்னொரு 120. மொத்தம் முந்நூறு சொச்சம்.

திருச்செந்தூருக்கு அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி வழியாகப் போனால் சுமார் 180 கி.மீ. எலியார்பத்தி, புதூர்பாண்டியாபுரம் என்று இரண்டு சுங்கச்சாவடிகள். போக வர 360. மணப்பாடு 18 கி.மீ. தெற்கே என்பதால் அதையும் சேர்த்தால் 400 பக்கம் வந்துவிடும்.

தாளில் பார்த்தால் கொடைக்கானல் சுற்று நூறு கிலோமீட்டர் மிச்சம். ஆனால் ஸ்டியரிங் பிடித்து உட்காரும் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். பழனி போக இரண்டரை, மலைப்பாதைக்கு இரண்டரை, இறங்கி வீடு வர மூன்றரை: எட்டரை மணி நேரம். திருச்செந்தூருக்குப் போக மூன்றரை, வர மூன்றரை, மணப்பாட்டுக்கு ஒன்று: எட்டு. அதிலும் தூத்துக்குடி வரையிலான நான்கு வழிச்சாலை அப்பாவும் ஓட்டலாம், போன மாதம் லைசென்ஸ் வாங்கிய தம்பியும் ஓட்டலாம். மலைப்பாதையை அப்படி ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. பழகிய கை ஒன்றுதான் முழுக்க ஓட்டியாக வேண்டும். பின்சீட்டில் குழந்தைகள் பஞ்சாமிர்தத்தை வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தால் நிலவரம் இன்னும் மோசம்.

சாமி பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

எந்த யாத்திரைக்கும் இதுதான் விடை தெரியாத கேள்வி. பொது தரிசன வரிசை ஒரு நாள் ஒரு மணி நேரத்தில் நகர்ந்துவிடும், இன்னொரு நாள் நான்கு மணி நேரம் பிடிக்கும். சஷ்டி, கிருத்திகை, முகூர்த்த நாள் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்தால் போதும். ஆகவே கோயிலோடு சேர்க்கிற மற்ற இடங்கள் வளைந்து கொடுப்பவையாக இருக்க வேண்டும்.

கொடைக்கானல் வளையாது. 2024 மே மாதத்திலிருந்து அங்கே வண்டியோடு போக இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும். அறைக்கு முன்பணம் கட்டியிருப்பீர்கள். மலைப்பாதையில் இருட்டில் ஏறாமல் இருப்பது நல்லது என்பதால், பழனியில் பிற்பகல் மூன்று மணிக்குள் வண்டியைக் கிளப்பியாக வேண்டும். வரிசையில் நிற்கும்போதே கை கடிகாரத்தைத் தேடும். முருகனைப் பார்த்த மாதிரியும் இருக்காது, மலையை ரசித்த மாதிரியும் இருக்காது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு அங்கே தடை உண்டு என்பதையும் கிளம்பும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்செந்தூர்ப் பக்கம் அப்படியில்லை. தரிசனம் தாமதமானால் மணப்பாட்டை விட்டுவிடலாம். சீக்கிரம் முடிந்தால் செம்மணல் மேடான தேரிக்காட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். எதற்கும் பாஸ் இல்லை, முன்பதிவும் இல்லை. மதியம் நடை சாத்துவார்களே என்ற பதற்றமும் தேவையில்லை. விடிகாலை ஐந்து மணிக்குத் திறந்தால் இரவு வரை தரிசனம் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் பழனியும் சளைத்ததில்லை, அங்கேயும் பகல் முழுக்க நடை திறந்திருக்கும்.

முழங்கால் விவகாரம்

பழனி மலைக்கு 693 படிகள். படி வேண்டாம் என்றால் யானைப்பாதை, சாய்வாக இருக்கும். அதுவும் முடியாதவர்களுக்கு மலைச்சரிவில் தண்டவாளத்தில் இழுத்துச் செல்லும் வின்ச், ரோப் கார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விடுமுறை நாளில் வின்ச்சுக்கு ஒரு வரிசை, மேலே தரிசனத்துக்கு ஒரு வரிசை, இறங்க மறுபடியும் ஒரு வரிசை. ரோப் கார் காற்று பலமாக வீசினால் நின்றுவிடும். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்கும், வருடத்தில் ஒரு முறை நீண்ட பராமரிப்புக்கும் நிறுத்துவார்கள். ரோப் காரை நம்பிப் பாட்டியைக் கூட்டிப்போகிறவர்கள், அன்றைக்கு அது ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. கிரிவலப் பாதைக்குள் தனியார் வண்டிகளை விடுவதில்லை. காரை வெளியே நிறுத்திவிட்டு அடிவாரத்துக்கு நடக்க வேண்டும், இல்லையென்றால் கோயில் வண்டியைப் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று. முறைப்படி மூன்றாம் படைவீடு என்பது அடிவாரத்தில் இருக்கும் திருஆவினன்குடிதான். ஊருக்குள் பெரியநாயகி அம்மன், பிறகு திருஆவினன்குடி, அதன் பிறகே மலை என்பது பழைய வழக்கம். அவசரத்தில் வருகிற கூட்டம் நேராக வின்ச் நிலையத்துக்கு ஓடிவிடுகிறது. படி ஏறவே முடியாத பெரியவர்களுக்கு ஆவினன்குடி தரிசனமே நிறைவான தரிசனம்தான், குறைபட ஒன்றுமில்லை.

திருச்செந்தூர் சமதளம். கடலில் ஒரு முழுக்கு, பிறகு நாழிக்கிணற்றில் குளியல், ஈரம் காய்ந்ததும் சாமி. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் நாழிக்கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காது. ஆனால் அதற்குப் படி இறங்க வேண்டும், ஈரப்படி வழுக்கும். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விபூதியைப் பன்னீர் இலையில் மடித்துத் தருவார்கள். 2025 ஜூலை 7-ஆம் தேதி குடமுழுக்கு நடந்தது. அதையொட்டிச் செய்த திருப்பணிகளால் கோயில் வளாகமே பளிச்சென்று மாறியிருக்கிறது. கடற்கரையில் மட்டும் கவனம் வேண்டும். சில வருடங்களாக மண் அரிப்பு அதிகம், அலை இழுக்கிற நாளில் முழங்கால் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கைபேசி இரண்டு கோயிலிலும் உள்ளே கூடாது. குடும்பத்தில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துவிட்டால் தேடுவது பெரும்பாடு, எங்கே கூடுவது என்று வெளியிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் என்ன இருக்கிறது?

இங்கேதான் திருச்செந்தூர் எட்ட முடியாத தூரத்துக்குப் போய்விடுகிறது. பழனி வழியில் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையையும் திண்டுக்கல் பிரியாணியையும் விட்டால் நிறுத்த அதிகம் இல்லை. பிரியாணியையும் சாமி கும்பிட்டுத் திரும்பும்போதுதான் பெரும்பாலானோர் தொடுவார்கள்.

திருச்செந்தூருக்கு இரண்டு வழி உண்டு என்பதே பெரிய வசதி. போகும்போது எட்டயபுரம் வழி. பாரதி பிறந்த வீட்டுக்கு நெடுஞ்சாலையிலிருந்து சற்று ஊருக்குள் திரும்பினால் போதும். தூத்துக்குடி தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம், வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். அப்புறம் தாமிரபரணியைக் கடந்தால் ஆத்தூர், வெற்றிலைக்குப் பேர்போன ஊர். 2023-இல் அந்த வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வரும்போது திருநெல்வேலி வழியாகத் திரும்புங்கள். முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் கூடுதல்தான். ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் என்று நவதிருப்பதிகளில் இரண்டு சாலையை ஒட்டியே வந்துவிடும். நம்மாழ்வார் வீற்றிருந்ததாகச் சொல்லும் புளியமரத்தை ஆழ்வார்திருநகரியில் பார்க்கலாம். ஆனால் இந்தப் பெருமாள் கோயில்களில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், பன்னிரண்டுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். அதே சாலையில்தான் முதுமக்கள் தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூர். நெல்லையைத் தாண்டினால் கயத்தாறு, 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம். நினைவிடம் சாலையோரமே இருக்கிறது. கோவில்பட்டியில் கடலைமிட்டாய், சாத்தூரில் காராச்சேவு, விருதுநகரில் இருட்டும் நேரமாக இருந்தால் எண்ணெய் பரோட்டா. சுங்கம்தான் இந்தப் பக்கம் கொஞ்சம் கூட: சாலைப்புதூர், எட்டூர்வட்டம், கப்பலூர் என்று மூன்று.

மணப்பாடு தனியாகச் சொல்ல வேண்டிய ஊர். கடலுக்குள் நீண்டிருக்கும் மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், 1581-இல் எழுந்தது. 1542 வாக்கில் பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை அதற்குக் கீழே, கடலைப் பார்த்தபடி. முருகனுக்கு வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் பலர் இங்கேயும் வந்து ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் போகிறார்கள், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. போகிற வழியில் குலசேகரப்பட்டினம். தசராவுக்கு வேஷம் கட்டும் முத்தாரம்மன் கோயில் ஒரு பக்கம், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம் இன்னொரு பக்கம். உடன்குடியில் கருப்பட்டி வாங்கலாம். செம்மண் தேரி பார்க்க வேண்டுமென்றால் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் போங்கள், அத்தனை மணலுக்கு நடுவில் ஒரு சுனை இருக்கிறது. வெயில் ஏறிய பிறகு செருப்பில்லாமல் அந்த மணலில் இறங்கிவிடாதீர்கள்.

தூத்துக்குடி மக்ரூனில் முட்டை வெள்ளைக்கரு உண்டு. விரதம் இருக்கிறவர்களுக்கு வாங்கிக் கொடுப்பதற்கு முன் இதையும் சொல்லிவிடுங்கள்.

எப்போது என் தீர்ப்பு மாறும்?

வீட்டில் பழனிக்கு மொட்டை போடுவதாக வேண்டுதல் இருந்தால் இந்த அலசலுக்கே இடமில்லை, பழனிக்குத்தான் போக வேண்டும். கந்த சஷ்டி நாட்களில் திருச்செந்தூர் பக்கம் காரோடு போவதை யோசிக்கவே வேண்டாம். சூரசம்ஹாரத்துக்குக் கடற்கரையே தெரியாத அளவு கூட்டம் நிற்கும். தைப்பூசம், பங்குனி உத்திரத்துக்குப் பழனியும் அப்படியே. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் செட்டிநாட்டிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் பாதயாத்திரைக் கூட்டம் சாரி சாரியாக நடந்து போகும். அந்தச் சாலையில் இரவில் ஓட்டுகிறவர்கள் வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் திருச்செந்தூர் வேகும், அது உண்மை. அப்போது குழந்தைகளுக்காகக் கொடைக்கானல்தான் வேண்டும் என்றால், வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதல் நாள் விடியற்காலை கிளம்பி வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறி, இரவு அங்கே தங்குங்கள். குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து வானம் தெளிவாக இருந்தால் பழனி மலை தெரியும். மறுநாள் போகப் போகிற இடத்தை அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டுக்கொள்ளலாம். மறுநாள் காலை உணவு முடித்துப் பெருமாள்மலையில் பழனி சாலைக்குத் திரும்பி, இரண்டாவது கியரிலேயே பொறுமையாக இறங்குங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் பாதி வழியில் கருகல் வாசனை வரும். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதை மரியாதை. வரதமாநதி அணை கண்ணில் பட்டால் மலை முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் அறை, பாஸ், இருட்டு என்ற கவலை எதுவும் கிடையாது. வரிசை எவ்வளவு நேரமானாலும் நின்று, முடிந்தால் மாலைப் பூஜையான சாயரட்சையில் ராஜ அலங்காரத்தைப் பார்த்துவிட்டு, தேவஸ்தானக் கடையில் பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு இறங்கினால், பதினோரு மணிக்குள் மதுரை.

ராமேஸ்வரத்தை ஏன் பேச்சிலேயே எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். தூரம் 170 கி.மீ.தான், சாலையும் நன்றாக இருக்கிறது. ஆனால் விடியலில் ஸ்படிக லிங்க தரிசனம், அக்னி தீர்த்தம், 22 தீர்த்தக் குளியல், ஈர உடை மாற்றிச் சாமி, மதியம் நடை சாத்தல், மாலைக்குள் தனுஷ்கோடி போய்த் திரும்புதல் என்று அந்த ஊருக்கு அதுவே ஒரு நேரக்கணக்கு வைத்திருக்கிறது. அங்கே போனால் இரண்டு நாளையும் அங்கேயே கொடுத்துவிட வேண்டும், வேறெதையும் ஒட்டவைக்கக் கூடாது.