வடக்கு ரயில் பாதை, பத்து வருடப் பாவனைக்குப் பிறகு: பதின்மூன்றரை நிமிடக் கணக்கு

ஒட்டுசுட்டானில் இருக்கும் நண்பர் கேட்டது இதுதான்: "மாதத்தில ரெண்டு தரம் கொழும்புக்குப் போய் வரவேணும். பஸ்ஸை விட்டிட்டு மாங்குளத்தில கோச்சி ஏறலாமோ? பத்து வருசத்துக்கு மேல ஓடுது, எப்பிடி?"

வகுப்பு, கட்டணம், ஆசனப் பதிவு, எந்த ரயில் எங்கே நிற்கும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். இந்தப் பாதையை நம்பி ஒரு நாளைத் திட்டமிடலாமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். ஓம் என்பதும் உண்மை, இல்லை என்பதும் உண்மை.

முதலில் ஓம். இந்தத் தண்டவாளத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். 1905இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை ரயில் வந்தது, 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது, 1990இல் எல்லாம் நின்றது. அதன்பின் வன்னியில் பாதை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. ரயில் மேட்டில் காடு ஏறியது. அதனால் ஓமந்தைக்கு வடக்கே நடந்த வேலையைப் புனரமைப்பு என்று சொல்வது பொருந்தாது. ஓமந்தையிலிருந்து பளை வரை 90 கி.மீ., பளையிலிருந்து காங்கேசன்துறை வரை 56 கி.மீ. இரண்டையும் இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் அடியிலிருந்தே போட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்ரோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை என்று படிப்படியாகத் திறந்தது.

பழைய பாதையில் தண்டவாளத் துண்டுகளுக்கிடையில் சிறு இடைவெளி இருக்கும், இரு பக்கமும் தகடு வைத்து போல்ட் முறுக்கியிருப்பார்கள். வெயிலில் இரும்பு நீள அந்த இடைவெளி வேண்டும். சில்லு அதைத் தாண்டும் சத்தம்தான் எங்கள் பெரியவர்கள் தாலாட்டுப்போல் நினைவுகூரும் தடக் தடக். புதிய பாதையில் கொங்கிறீற் சிலிப்பரின்மேல் நீளமாக ஒட்டிய தண்டவாளம், இடைவெளி இல்லை. சும்மா விட்டால் 1 கி.மீ. உருக்கு 20 பாகை செல்சியஸ் சூடேறும்போது 23 செ.மீ. நீளும். அந்த நீட்சியைக் கிளிப்பும், சிலிப்பரின் பாரமும், சுற்றிக் குவித்த கருங்கல் சல்லியும் சேர்ந்து அடக்கிப் பிடிக்கின்றன. சல்லி குறைந்த இடத்தில் நடுப்பகல் சூட்டில் பாதை பக்கமாக நெளிந்துவிடும். சித்திரையிலும் ஆவணியிலும் வன்னி வெயில் எப்படிக் காயும் என்று தெரிந்தவர்களுக்கு, இத்தனை வருடமாக இந்தப் பாதை நேராகக் கிடப்பதன் பெறுமதி விளங்கும்.

2014 முதல் 2022 வரை இந்த வித்தியாசத்தை ஓமந்தையில் காதாலேயே பிடிக்கலாம். தெற்கே இருந்து வரும்போது வவுனியா வரை கையிலுள்ள பிளேன்டீ தளும்பும். ஓமந்தை தாண்டினால் அடங்கிவிடும். 2023 ஜனவரியில் அநுராதபுரம்–ஓமந்தைப் பகுதியை மூடி ஜூலையில் திறந்தார்கள், அடுத்த வருடம் மாகோ–அநுராதபுரம் மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் மாகோ–ஓமந்தை 128 கி.மீ. மேம்பாட்டை அநுராதபுரத்தில் முறைப்படி தொடக்கி வைத்தார்கள். இப்போது அந்த ஓமந்தை எல்லை காதில் விழுவதில்லை. மூடிக்கிடந்த மாதங்களில் பஸ்ஸில் மாறி மாறி அலைந்தவர்கள்கூட இந்த வேலையைக் குறை சொல்லமாட்டார்கள்.

இனி இல்லை. எரிச்சலுக்கு ஒரே பெயர்தான்: குரொசிங், அதாவது ஒற்றைப் பாதையில் எதிரெதிராக வரும் ரயில்கள் விலக, ஒன்று நிலையத்தில் காத்துக்கிடப்பது.

ஒரு சின்னக் கணக்கு. ஓமந்தை–பளை 90 கி.மீ. தூரத்தை நிற்காமல் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓடினால் 67 நிமிடம் 30 விநாடி. 100 கி.மீ. வேகத்தில் ஓடினால் 54 நிமிடம். நல்ல தண்டவாளம் தரும் மிச்சம் பதின்மூன்றரை நிமிடம். புளியங்குளத்திலோ மாங்குளத்திலோ எதிர்ரயிலுக்காக ஒருதரம் கால்மணித்தியாலம் நின்றால் அந்த மிச்சம் முழுதும் போய்விடும். இரண்டுதரம் நின்றால் 80இல் நிற்காமல் ஓடிய ரயிலைவிடக் கால்மணித்தியாலத்துக்கு மேல் பிந்திவிடுவோம். சல்லியும் சிலிப்பரும் கோடிக்கணக்கில் கொட்டிச் சம்பாதித்த நேரம் பக்கப் பாதையில் சும்மா கிடந்து கரைகிறது. எத்தனை வருடம் போனாலும் பழகாத எரிச்சல் இது.

கொழும்பிலிருந்து பொல்காவலை வரை போகவும் வரவும் தனித்தனிப் பாதை. அங்கே வடக்குப் பாதை பிரிந்த பிறகு பெரும்பாலும் ஒற்றைப் பாதைதான். மாகோ வரை மட்டக்களப்பு, திருகோணமலை ரயில்களும் அதே பாதையில். ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கிடையில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். எதிரெதிராக வருபவை பக்கப் பாதை உள்ள நிலையத்தில்தான் விலகலாம். முதலில் வந்தது பக்கப் பாதைக்குள் முழுதாக நுழைய வேண்டும், கடைசிப் பெட்டியும் விலகல் எல்லைக்குள் வரவேண்டும். பிறகு பாதைமாற்றியைத் திருப்பிப் பூட்டி, எதிர்ரயிலுக்குச் சிக்னல் கொடுக்க வேண்டும். அது முழுதாக உள்ளே வந்து, முன்னால் உள்ள பகுதி வெறுமை என்று உறுதியாகி, பாதைமாற்றி மறுபடி திரும்பினால்தான் நின்ற ரயிலுக்குப் பச்சை. வர்ண விளக்குச் சிக்னல் வந்ததால், அடுத்த நிலையம் வரை போக அனுமதியாகச் சாரதிக்குக் கொடுக்கும் வளையத்தைக் கைமாற்றும் வேலை இங்கே இல்லாமல் போனது. ஆனால் அடுத்த நிலையம் 15 கி.மீ. தூரம் என்று வைத்தால், எதிர்ரயில் அங்கிருந்து இப்போதுதான் புறப்பட்டிருந்தால், 90 கி.மீ. வேகத்தில் வந்தாலும் 10 நிமிடம் வேண்டும். எந்த விளக்கும் அதைக் குறைக்காது.

ஓடுகிற ரயிலை நிறுத்தி மறுபடி அதே வேகத்துக்குக் கொண்டுவரவே ஒன்றரை நிமிடம் போல் வீணாகிறது. பக்கப் பாதைக்குள் ஊர்ந்து நுழைவதும் ஊர்ந்து வெளியேறுவதும் தனி.

ஒரு பிந்தல் எப்படிப் பரவுகிறது என்பதுதான் இதில் மோசம். மாங்குளத்தில் சந்திக்க வேண்டிய இரண்டில் ஒன்று 20 நிமிடம் பிந்தினால், நேரத்துக்கு வந்த மற்றதும் மாங்குளத்தில் 20 நிமிடம் கிடக்கும். அல்லது சந்திப்பைப் புளியங்குளத்துக்கோ கிளிநொச்சிக்கோ தள்ள வேண்டும். இப்படிப் பிந்திய இரண்டாவது ரயில் தெற்கே போய், தனக்காகக் காத்திருக்கும் மூன்றாவதைப் பிந்தவைக்கும். மாரியில் மாடுகள் ஈரமில்லாத மேடு தேடி ரயில் பாதையில் படுக்கும். ஒரு மாடு அடிபட்டு ரயில் நின்றால், இறங்கி அடிப்பகுதியையும் பிரேக் குழாயையும் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். முறிகண்டியில் நடந்த அந்த நிற்றலை மதவாச்சியில் ஏறக் காத்திருக்கும் பயணி அனுபவிப்பார், காரணமும் தெரியாமல்.

சென்னை போய் வந்தவர்கள் மெட்ரோவோடு ஒப்பிடுகிறார்கள். காங்கேசன்துறை வரை எங்கள் பாதை திறந்த அதே 2015இல்தான், ஜூன் 29இல், கோயம்பேடு–ஆலந்தூர் மெட்ரோவும் ஓடத் தொடங்கியது. குளிரூட்டிய பெட்டியையும் தானாகத் திறக்கும் கதவையும் பார்த்து வியக்கிறார்கள், சரி. ஆனால் சில நிமிடத்துக்கு ஒரு ரயில் வருவதற்குக் காரணம், போக ஒரு பாதையும் வர ஒரு பாதையும் இருப்பது. எதிர்ரயில் என்ற கவலையே அங்கில்லை. முன்னால் போகும் ரயிலோடு இடைவெளி வைத்தால் போதும். அங்கே தண்டவாள அகலம் 1435 மி.மீ., எங்களது 1676 மி.மீ. அகலத்தில் எங்களுக்குக் குறைவே இல்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். வன்னியின் சனத்தொகைக்கும் ஒருநாளில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கைக்கும் ஓமந்தையிலிருந்து வடக்கே முழு இரட்டைப் பாதை கேட்பது நடக்காத காரியம். அதுவும் வேண்டாம். சந்திப்பு வழக்கமாக நடக்கும் இடத்தில் 8 கி.மீ. மட்டும் இரட்டையாக்கினால் போதும். 80 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்க 6 நிமிடம். இரண்டில் ஒன்று 6 நிமிடம் முன்பின்னாக வந்தாலும், இரண்டும் நிற்காமல் ஓடியபடியே விலகிவிடும். பெரிய பாலம் இல்லாத, ரயில் மேட்டை அகலமாக்க இடமுள்ள துண்டாகப் பார்த்துத் தேர்ந்தால் சரி. இவ்வளவு நல்ல தண்டவாளம் போட்ட இடத்தில் இந்த 8 கி.மீ. இல்லாதது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

குரொசிங்கால் உயிருக்கும் ஆபத்து உண்டு, இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒற்றைப் பாதையில் ஒரு ரயில் போனால் அடுத்தது வர நெடுநேரம் ஆகும் என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. நடுக்காட்டில் தெரு தண்டவாளத்தைக் கடக்கும் கடவையில் அது பெரும்பாலும் சரி. குரொசிங் நடக்கும் நிலையத்துக்குப் பக்கத்துக் கடவையில் அது மகா பிழை. அங்கே ஒன்று உள்ளே போய் நிற்பதே, எதிர்ப்பக்கத்திலிருந்து மற்றது வருகிறது என்பதால்தான். மற்றது வந்து சேர்ந்ததும் நின்றது புறப்படும். அதாவது சில நிமிடத்துக்குள் அதே கடவையில் மறுபடி ரயில். 100 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 28 மீற்றர். அரைக் கிலோமீற்றர் தூரத்தில் தெரியும் ரயில் 18 விநாடியில் முன்னால் நிற்கும், சாரதி பிரேக் போட்டாலும் அந்தத் தூரத்துக்குள் நிற்காது. பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் நடை வேகத்தில் ஏறி, வால்பகுதியும் தண்டவாளத்தை விட்டு விலக 8 முதல் 10 விநாடி செல்லும். நடுவில் என்ஜின் நின்றுபோனால் அவ்வளவுதான். படலை இல்லாத, மணியும் விளக்கும் மட்டும் உள்ள கடவையில், ஒரு ரயில் போன பிறகும் மணி அடித்தால் பழுது என்று நினைத்து ஏறாதீர்கள். இரண்டாவது வருகிறது.

உள்ளே இருக்கும் பயணிக்கு ஒரு சின்ன அறிகுறி. நிலையத்தை நெருங்கும்போது ரயில் நன்றாக வேகம் குறைந்து, பெட்டி பக்கமாக ஒரு இழுவை இழுத்தால் பக்கப் பாதைக்குள் போகிறோம் என்று அர்த்தம். சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கலாம். இழுவை இல்லாமல் நேராக நுழைந்தால் பெரும்பாலும் கெதியில் எடுத்துவிடுவார்கள், கன்ரீன் தேடி இறங்கக் கூடாது.

இனி ஒட்டுசுட்டான் கேள்வி. போகும்போது மாங்குளத்துக்கு வரும் ரயில் காங்கேசன்துறையிலிருந்து 100 கி.மீ. சொச்சம்தான் ஓடியிருக்கும், பிந்தச் சந்தர்ப்பம் குறைவு. "கோச்சி எப்பவும் லேற்" என்று நம்பி ஆறுதலாக வெளிக்கிட்டால் தவறவிடுவீர்கள். திரும்பும்போது அதே ரயில் கொழும்பிலிருந்து 300 கி.மீ. வரை ஓடி, பொல்காவலையிலிருந்து ஒவ்வொரு குரொசிங்கின் பிந்தலையும் சுமந்துகொண்டு வரும். ஆகவே போகும் பக்கம் கடிகாரத்தை நம்பலாம், வரும் பக்கம் நம்பக்கூடாது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸோடு வரவைப் பொருத்தாதீர்கள். நிலையத்தில் மோட்டார்சைக்கிளை விட்டுவிட்டுப் போங்கள், அல்லது வீட்டிலிருந்து ஒருவரை வரச்சொல்லுங்கள். புறப்படும் நேரத்தைச் சொல்லாமல் வவுனியா தாண்டியதும் தொலைபேசியில் கூப்பிடுங்கள். நெடுங்கேணிக்காரர் புளியங்குளத்திலும், மல்லாவி, துணுக்காய்க்காரர் மாங்குளத்திலும், விசுவமடு, புதுக்குடியிருப்புக்காரர் பரந்தனிலும் இறங்குவது லேசு. உங்கள் ரயில் அங்கே நிற்குமா என்று மட்டும் ரிக்கற் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ்ஸா கோச்சியா? இவ்வளவு ஏசிய பிறகும் கோச்சி என்றுதான் எழுத வருகிறது. முழங்கால் நோ உள்ள அம்மாவை, சின்னப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறதென்றால் வேறு யோசனையே வேண்டாம். எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு, தேத்தண்ணி தளும்பாது. கொழும்பில் காலை ஒன்பது மணிக்கு வைத்தியசாலைக் கிளினிக்கோ விசா நேர்முகமோ என்றால் இரவு ரயிலை நம்பி வெளிக்கிடாதீர்கள். முதல்நாள் பகல் ரயிலில் போய் அங்கே தங்குங்கள். தங்க இடமில்லை என்றால், அந்த ஒரு நாளுக்கு மட்டும் பஸ்.