பிரஷர் முள் இறங்கிக்கொண்டே இருந்த பாய்லர்: சில குளிர்காலங்களின் அனுபவம்

லண்டனின் ஹாரோ பகுதியில் வீடு வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், எங்கள் வீட்டில் இருக்கும் காம்பி பாய்லரையே (வீட்டைச் சூடாக்குவதையும் குழாய்க்கு வெந்நீர் தருவதையும் ஒன்றாகச் செய்யும் பாய்லர்) தானும் பொருத்தலாமா என்று கேட்டிருந்தார். அண்மையில்தான் அதைப் பழுது பார்த்து முடித்திருந்ததால், ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எத்தனை கிலோவாட், வெந்நீர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதெல்லாம் விற்பனைத் தாளிலேயே இருக்கின்றன. தாளில் இல்லாதது, சில குளிர்காலங்களாக என்னைப் படுத்தி எடுத்த, ஹீட்டிங் சுற்றில் ஓடும் நீரின் அழுத்தத்தைக் காட்டும் அந்தப் பிரஷர் முள்.

பாய்லர் ஆறியிருக்கும்போது முள் 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). சூடேறினால் சற்று உயர்வது இயல்பு. எங்கள் வீட்டிலோ ஹீட்டிங் ஓடத் தொடங்கியதும் முள் 3-ஐ நோக்கி ஏறும். இரவு ஆறி, விடியற்காலையில் பார்த்தால் அரை பாருக்கும் கீழே கிடக்கும். பாய்லர் பிழைக் குறியைக் காட்டிவிட்டு நின்றிருக்கும். பார்க்க வந்தவர்கள், அடியில் இருக்கும் ஃபில்லிங் லூப்பை, அதாவது குடிநீர்க் குழாயிலிருந்து சுற்றுக்குள் நீர் ஏற்றும் இணைப்பைத் திறந்து தண்ணீர் ஏற்றிவிட்டு, குறையும்போது நீங்களே இப்படி ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த ஆலோசனையின் மேல்தான் எனக்குக் கோபம். மூடிய சுற்றுக்குள் ஓடும் தண்ணீர் குறைகிறது என்றால், அது எங்கோ வெளியேறுகிறது என்றுதான் பொருள். எங்கே என்று தேடாமல் புதுத் தண்ணீர் ஏற்றுகிற ஒவ்வொரு முறையும், அதோடு புது ஆக்சிஜனும் உள்ளே போகிறது. துருவைத் தடுக்க ஊற்றிய இன்ஹிபிட்டர் நீர்த்துப்போகிறது. ரேடியேட்டரின் இரும்பு உள்ளிருந்தே அரிக்கத் தொடங்குகிறது.

கடைசியாக வந்த, எரிவாயுக் கருவிகளில் வேலை செய்வதற்கான கேஸ் சேஃப் பதிவு பெற்ற பொறியாளர் வேறு மாதிரி தொடங்கினார். வெளிச்சுவரில் தலைகீழாக வளைந்து நிற்கும் சிறு செப்புக் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கட்டிவிட்டு, ஹீட்டிங்கைப் போடச் சொன்னார். சிறிது நேரத்தில் பையின் அடியில் தண்ணீர் சேர்ந்திருந்தது. குழாய்க்குக் கீழே செங்கல்லில் வெள்ளைக் கோடு படிந்திருந்ததையும் அவர்தான் காட்டினார். கடினநீர் பலகாலம் வழிந்த தடம் அது. 3 பாரில் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வின் வெளிவழி அந்தக் குழாய். அங்கே பை காய்ந்திருந்தால், பாய்லரையும் ரேடியேட்டர் குழாய்களையும் பிரிக்கும் வால்வுகளை இரவு மூடிவைத்து, காலையில் முள்ளைப் பார்ப்பாராம்: இறங்கியிருந்தால் கசிவு பாய்லருக்குள், நின்றிருந்தால் தரைக்கடியில் ஓடும் குழாய்களில்.

காரணம் எக்ஸ்பான்ஷன் வெசல். 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாகும்போது தண்ணீரின் அளவு 2 சதவீதத்துக்குச் சற்று மேல் பெருகுகிறது. அதாவது 100 லிட்டருக்கு 2 லிட்டருக்கும் அதிகம். அதற்கு இடம் கொடுப்பதற்காகத்தான் ரப்பர் சவ்வின் ஒரு பக்கம் காற்றை அடைத்த ஒரு கலனை உள்ளே வைத்திருக்கிறார்கள். காற்று இறங்கிவிட்டால் பெருகிய நீருக்கு ஒதுங்க இடமில்லை. பிரஷர் ஏறி, பாதுகாப்பு வால்வு திறந்து, நீர் வெளியே போகிறது. ஆறியபின் முள் இறங்குகிறது. கார் டயரில் இருப்பதைப் போன்ற சிறு வால்வு வழியாகக் காற்றடித்தால் பல வீடுகளில் வேலை முடிந்துவிடும். எங்கள் மாடலில் அந்தக் கலன் பாய்லரின் முதுகுப்புறம் இருக்கிறது. முழு பாய்லரையும் சுவரிலிருந்து கழற்றினால்தான் அந்த வால்வை அடைய முடியும். ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டிய ஒரு பாகத்தைக் கை எட்டாத இடத்தில் வைத்த வடிவமைப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. முடிவில் அலமாரிக்குள், ரேடியேட்டர்களிலிருந்து நீர் திரும்பி வரும் குழாயில் தனியாக ஒரு கலனைப் பொருத்தி, பலமுறை திறந்து சரியாக மூடாமல் போயிருந்த பாதுகாப்பு வால்வையும் மாற்றினார்.

ரேடியேட்டர்களுக்கு நேர்ந்ததும் இதன் தொடர்ச்சிதான். மேல்பாதி குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று; ஹீட்டிங்கை அணைத்து, ஆறவிட்டு, ரேடியேட்டரின் மேல்முனையிலுள்ள காற்றுத் திருகை அதற்கான சாவியால் மெல்லத் திறந்து, சீறல் நின்று தண்ணீர் எட்டிப்பார்த்ததும் மூடிவிடலாம். எங்கள் கூடத்து ரேடியேட்டரோ அடிப்பகுதியில், அதுவும் நடுவில், சில்லென்று இருந்தது. அது துருச்சேறு, கழற்றிக் கழுவியபோது மையைப் போலக் கறுப்பாகக் கொட்டியது. பிறகு இன்ஹிபிட்டர் ஊற்றி, காந்த வடிகட்டி ஒன்றையும் வைத்தார்கள். ஓர் அறை மட்டும் சூடாகவில்லை என்றால், அந்த ரேடியேட்டரின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வின் தலையைக் கழற்றி, கோடையெல்லாம் அசையாமல் இறுகிய ஊசியை மெதுவாக அழுத்திப் பார்த்தாலே போதும். உறைபனி நாளில் களகளவென்று சத்தமிட்டு பாய்லர் நின்றால், பாய்லருக்குள் புகை குளிர்ந்து சேரும் நீரை வெளியே கொண்டுபோகும் பிளாஸ்டிக் குழாய் உறைந்திருக்கும். வெதுவெதுப்பான நீரை ஊற்றலாம், கொதிநீர் கூடாது. பாய்லரின் உறைக்குள் மட்டும் பதிவு பெற்றவர் தவிர வேறு யாரும் கைவைக்கக் கூடாது. தவறினால் கசியக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

நியாயமாக, இந்த பாய்லரின் நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும். பழுது முடிந்தபின் ஹீட்டிங்குக்குப் போகும் நீரின் வெப்பத்தை 75-லிருந்து 55 டிகிரிக்குக் குறைத்தோம். திரும்பி வரும் நீர் 55-க்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து, தன் வெப்பத்தையும் விட்டுச்செல்லும். கண்டென்சிங் பாய்லரின் பயனே அதுதான். இப்போது ரேடியேட்டரில் கை வைத்தால் சுடுவதில்லை, ஆனால் வீடு முழுக்க ஒரே சீரான கதகதப்பு. சத்தமும் இல்லை. இவ்வளவு இதமான வெப்பத்தை இந்த வீட்டில் நான் இதற்கு முன் அனுபவித்ததில்லை.

ஆனாலும் நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதே. எந்த மாடலைப் பார்த்தாலும், எக்ஸ்பான்ஷன் வெசலின் காற்று வால்வு முன்பக்கத்திலிருந்து கைக்கு எட்டுமா என்று பொருத்துபவரிடம் கேட்கட்டும். எட்டாது என்றால், தனிக் கலனுக்கான விலையையும் சேர்த்தே அவர் மதிப்பீட்டை எழுதித் தரட்டும்.