விண்மீனைத் திருத்துவதா, உலகைத் திருத்துவதா? டிராவலர் தரவுகளுக்கு நான்கு வழிகள்

ஏ788899-ஏ. பகடை உருட்டி மேசையில் ஆடும் விண்வெளிக் கதையாட்டமான டிராவலரை ஆடிப் பழகியவர் இந்த வரியைப் பார்த்ததுமே ஓர் ஊரைப் பார்த்துவிடுவார். முதல் எழுத்து விண்வெளித் துறைமுகத்தின் தரம். ‘ஏ’ என்றால் கப்பல் கட்டும் தளத்தோடு கூடிய முதல் தரம். அடுத்து வரும் 7 கோளின் அளவு. ஓர் எண்ணுக்கு 1,600 கிலோமீட்டர் என்று கணக்கு. ஆக விட்டம் ஏறத்தாழ 11,200 கிலோமீட்டர். முதல் 8 அடர்ந்த காற்று. இரண்டாவது 8 மேற்பரப்பில் எண்பது விழுக்காடு நீர். மூன்றாவது 8 மக்கள்தொகை: பத்துக் கோடிக்கு மேல், நூறு கோடிக்குக் கீழ். இரண்டு ஒன்பதுகளும் அரசின் வகையையும் சட்டத்தின் கெடுபிடியையும் சொல்கின்றன. கோட்டுக்கு அப்பால் உள்ள ‘ஏ’ தொழில்நுட்ப நிலை 10.

இது ரெஜினா என்னும் உலகம். ஆட்டவெளியில் அது இருக்கும் ஸ்பின்வர்ட் மார்ச்சஸ் பகுதிக்கு 1979இல் வந்த பட்டியலில் இப்படித்தான் இருந்தது. இன்றைய பட்டியலில் அதே உலகம் ஏ788899-சி. மாறியது கடைசி எழுத்து மட்டும். ஆனால் அந்த எழுத்து என்ன செய்கிறது என்று பாருங்கள்: நிலை 10இல் ஒரு தளம் கட்டக்கூடிய தாவல் எந்திரம், அதாவது விண்மீன்களுக்கிடையே கப்பலைத் தாவச் செய்வது, ஒரு பார்செக்தான் (ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு) தாவும். நிலை 12இல் மூன்று பார்செக். பழைய பட்டியலின் ரெஜினாவில் கப்பல் வாங்க வந்தவரும் புதிய பட்டியலின் ரெஜினாவில் வாங்க வந்தவரும் வேறு வேறு விண்வெளியில் பயணம் செய்கிறார்கள்.

தரவுத் திருத்தம் என்றால் அட்டவணையில் எண்ணை மாற்றும் எழுத்தர் வேலை என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதிலிருந்து தொடங்கினேன். பல ஆண்டுகளாக ஒரே குழுவுக்கு, கதையை நடத்தும் நடுவராக இருக்கிறேன். பொருந்தாத தரவைச் சரிசெய்ய நான்கு வழிகள் உண்டு; நான்கையும் முயன்று பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைப் பயன்படுத்தியதற்காக இன்றும் வருந்துகிறேன்.

முதல் வழி, எதையும் தொடாமல் விளக்கம் மட்டும் சொல்வது. 1977இல் கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்ட முதல் விதிகளிலேயே இதற்கு இடம் இருக்கிறது. பகடை பொருந்தாத எண்களைத் தந்தால் காரணம் கண்டுபிடிப்பது நடுவரின் வேலை. பொருந்தாமை எங்கிருந்து வருகிறது என்பதும் எளிது. இரண்டு பகடை உருட்டி 2ஐக் கழித்தால் கோளின் அளவு. மீண்டும் உருட்டி, 7ஐக் கழித்து, அளவைக் கூட்டினால் காற்று. மக்கள்தொகைக்கு மறுபடியும் இரண்டு பகடை, கழித்தல் 2. அங்கே மூச்சுவிட முடியுமா, குடிக்க நீர் இருக்கிறதா என்று அந்தப் பகடை கேட்பதே இல்லை. அதனால் காற்றில்லாப் பாறையில் நூறு கோடிப் பேர் வாழ்கிறார்கள். நீலக் கடலும் பசுங்காடும் உள்ள உலகத்தில் ஐந்தே பேர் இருக்கிறார்கள்.

அந்த ஐந்து பேரை நான் நேசிக்கிறேன். அவர்கள் யார், மற்றவர்களை ஏன் உள்ளே விடவில்லை என்று யோசித்த இரவில் ஒரு முழுக் கதை பிறந்தது. ஒழுங்கான விதி இருந்திருந்தால் அந்த உலகம் வெறும் வேளாண் குடியேற்றமாகியிருக்கும். ஆகவே விளக்கும் வழிக்கு என் மதிப்பு உயர்ந்தது. ஆனால் அது ஒரு பகுதியில் இரண்டு மூன்று உலகங்களுக்குத்தான் தாங்கும். பத்தாவது ‘புதைநகர’த்தைச் சொல்லும்போது ஆட்டக்காரர்களின் கண்ணில் வெளிச்சம் இருக்காது. சில எண்களை எந்த விளக்கமும் காப்பாற்றாது. காற்றே இல்லாத உலகில் தொழில்நுட்ப நிலை 3 என்றால், காற்றை உள்ளடைத்து வைக்கத் தெரியாத மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள் என்று பொருள். அதைத் திருத்தத்தான் வேண்டும்.

இரண்டாவது வழி, அதிகாரபூர்வமாகச் சீர்செய்த பட்டியலை அப்படியே ஏற்பது. டிராவலர் ஐந்தாம் பதிப்பையொட்டி உருவான ‘இரண்டாம் கணக்கெடுப்பு’த் தரவுதான் இன்று இணைய வரைபடத்தில் நாம் பார்ப்பது. முரண்களைப் பெருமளவு களைந்திருக்கிறார்கள்; பொருளாதாரத்துக்கும் பண்பாட்டுக்கும் தனிக் குறியீடுகள் சேர்த்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்கும் குழு வேறெதையும் தேட வேண்டாம். அடுத்த ஊர்க் குழுவோடு கதை பேசினாலும் இருவரும் ஒரே ரெஜினாவைப் பற்றிப் பேசுவார்கள்.

சிக்கல் பாதிவழியில் இருக்கும் குழுக்களுக்கு. கையில் இருக்கும் பழைய சாகசப் புத்தகம் ஒன்று சொல்கிறது, வரைபடம் இன்னொன்று சொல்கிறது. எங்கள் வணிகக் கப்பல் அதிகத் தாவல் எந்திரத்தைத் தேடி ஏழு மாதம் அலைந்தது. பட்டியலை மாற்றிய அன்று, அது முதலில் புறப்பட்ட துறைமுகத்திலேயே கிடைக்கும் பொருளாகிவிட்டது. நான் மாற்றத்தைத் திரும்பப் பெற்றேன். அந்த ஏழு மாத உழைப்பை ஒரே எழுத்தால் அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, கடுமையான விதிகளை வைத்து மீண்டும் உருட்டுவது. மங்கூஸ் நிறுவனத்தின் 2008 பதிப்பில் இதற்கு விருப்ப விதிகள் உண்டு. அளவு 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் காற்று சுழி. அளவு 3, 4 என்றால் காற்று வெகுவாகக் குறையும், அல்லது மூச்சுவிட முடியாததாக மாறும். ‘கடின அறிவியல்’ விதியைச் சேர்த்தால் வாழத் தகுதியற்ற இடங்களில் மக்கள்தொகையும் இறங்கும். இயற்பியலின் பக்கம் நின்று பார்த்தால் இதுவே நேர்மையான வழி. நம் நிலவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். அளவு 2 உள்ள உலகம் அதைவிடவும் சிறியது. அதன் மேல் நாம் மூச்சுவிடத்தக்க வெதுவெதுப்பான காற்று நிலைத்து நிற்காது. (சிறிய உருண்டை என்றாலே காற்று இராது என்றும் சொல்லிவிட முடியாது. டைட்டனின் விட்டம் 5,150 கிலோமீட்டர்தான். அதன் தரையில் காற்றழுத்தம் பூமியைவிட ஒன்றரை மடங்கு. கடுங்குளிர் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது.)

இந்த வழியில்தான் தவறு செய்தேன். எங்கள் பகுதியில் அளவு 2, காற்று 6 (இயல்பான காற்று) என்று ஓர் உலகம் இருந்தது. பகடைக் கணக்கில் அது பெரிய அதிசயம் இல்லை: அளவு 2 விழ 36இல் மூன்று வாய்ப்பு, அதன் மேல் இயல்பான காற்றோ மாசு கலந்த இயல்பான காற்றோ அமைய மறுபடி 36இல் மூன்று. விதியைப் பிடித்துக்கொண்டு காற்றைச் சுழியாக்கினேன். அடுத்த அமர்வில், கப்பலோட்டியாக ஆடும் தோழி தன் குறிப்பேட்டைத் திறந்து, இரண்டு ஆண்டுக்கு முந்தைய பக்கத்தைக் காட்டினார். அந்த உலகத்தில்தான் அவருடைய பாத்திரம் தன் தந்தையைப் புதைத்திருந்தது. தலைக்கவசம் இல்லாமல், மழையில் நனைந்தபடி, நான்கு பேர் கையால் குழி தோண்டினார்கள் என்று எழுதியிருந்தார். “அந்த மழை எங்கே போனது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவே காற்றைத் திரும்பக் கொடுத்தேன். அளவை 2இலிருந்து 5 ஆக்கினேன். அங்கே கால் வைத்த நால்வரில் ஒருவரும் கோளின் விட்டத்தை அளக்கவில்லை. ஈர்ப்பு எவ்வளவு என்று ஆட்டத்தில் ஒரு முறையும் பேச்சு எழவில்லை. எட்டாயிரம் கிலோமீட்டர் உருண்டை அந்தக் காற்றைத் தாங்கும் என்று ஏற்றுக்கொள்ள முடிகிறது. மழையும் கல்லறையும் அப்படியே இருந்தன. இரண்டு எண்கள் மோதும்போது, விதி காட்டும் எண்ணை விட்டுவிட்டு, யாரும் தொடாத எண்ணை மாற்ற வேண்டும் என்பதை அந்தக் குறிப்பேடுதான் எனக்குக் கற்றுத்தந்தது.

நான்காவது வழி உண்மையான வானத்தோடு ஒத்துப்போவது. டிராவலரின் வரைபடம் தட்டையான அறுகோணக் கட்டங்கள். அதனால் அங்கே இந்தக் கேள்வி பெரிதாக எழாது. இது எழும் இடம் 2300ஏடி. 1986இல் ‘டிராவலர்: 2300’ என்று வந்து, 1988இல் பெயர் மாறிய ஆட்டம் அது. சூரியனைச் சுற்றி ஐம்பது ஒளியாண்டுக்குள் உள்ள விண்மீன்களை, அக்காலப் பட்டியலை வைத்து, முப்பரிமாண இடங்களோடு அச்சிட்டுத் தந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆட்டப் பொருள்களில் அந்தப் பட்டியலும் ஒன்று. அந்த உலகின் ஸ்டட்டர்வார்ப் எந்திரம் ஒரே மூச்சில் 7.7 ஒளியாண்டுக்கு மேல் போகாது; அதற்குள் ஏதாவது ஒரு விண்மீனின் ஈர்ப்பில் நின்று எந்திரத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். பிரெஞ்சு, அமெரிக்க, சீனக் கிளைகள் என்று மனிதகுலம் பிரிந்து பரவிய அந்த அரசியல் முழுவதும் இந்த 7.7 என்ற வரம்பில் கட்டப்பட்டது.

சூரியனிலிருந்து அந்த வரம்புக்குள் ஆல்ஃபா சென்டாரி 4.37 ஒளியாண்டில், பார்னார்டு விண்மீன் ஏறத்தாழ ஆறில். வுல்ஃப் 359 இன்றைய அளவில் 7.86, வரம்புக்குச் சற்றே வெளியே. ஆக இரண்டே வாசல். 2013இல் 6.5 ஒளியாண்டில் லூமன் 16 என்னும் பழுப்புக் குறுமீன் (விண்மீனாக எரியாத மங்கலான பொருள்) இணையைக் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டே ஏறத்தாழ 7.4 ஒளியாண்டில் வைஸ் 0855 என்னும் குளிர்ந்த பொருள் தெரியவந்தது. இவற்றைப் பட்டியலில் சேர்த்தால் பூமிக்கு நான்கு வாசல்கள். லூமன் 16 ஆல்ஃபா சென்டாரியிலிருந்து நான்கு ஒளியாண்டுக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து இன்னும் வழிகள் திறக்கும். ஒரு கிளையின் குறுகலான ஒற்றைப் பாதையை நம்பி நடந்த போர்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் பிறகு காரணமே இருக்காது.

அப்படியானால் உண்மை வேண்டாமா? வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். விண்மீன்களின் தொலைவை அளந்த கையா விண்கலத்தின் தரவு வெளிவந்தபோது ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து எல்லாத் தொலைவுகளையும் மாற்றிப் பார்த்தேன். என்னைத் தயங்கவைத்தது பார்னார்டு விண்மீன். 1963இல் அதற்கு ஒரு கோள் உண்டு என்று வானியலாளர் வான் டி காம்ப் அறிவித்தார். பத்தாண்டில் அது மறுக்கப்பட்டது. 2018இல் பூமியைவிடப் பெரிய கோள் ஒன்று அறிவிக்கப்பட்டு, 2021இல் அதுவும் கேள்விக்குள்ளானது. 2024இல் ஒரு சிறு கோள் உறுதியாக வந்தது. 2025இல் நான்கு. வானியல் அப்படித்தான் வளரும்; அதுதான் அதன் அழகு. ஆனால் ஒவ்வொரு அறிவிப்புக்கும் என் ஆட்டவெளியைப் பிரித்துக் கட்டினால், என் குழு குடியேறிய ஊரில் ஒரு பருவம்கூட நிலையாக வாழ முடியாது. இனிமேல் புதிதாக 2300 தொடங்கும் குழுவுக்கு நான் தயங்காமல் சொல்வேன்: இன்றைய தொலைவுகளை எடுங்கள், அரசியலை அதன் மேல் புதிதாகக் கட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் குழுவுக்கு அந்த அச்சுப் பட்டியலே வானம்.

விண்மீனின் வகையைத் திருத்துவது இவற்றில் மலிவான வேலை என்று வெகுநாள் நம்பினேன். மலிவுதான், ஒரு விதியை மறக்காதவரை. தாவலுக்கு முன்னும் பின்னும் கப்பல் ஒரு பொருளின் விட்டத்தைப் போல நூறு மடங்கு தள்ளி நிற்க வேண்டும். இதை விண்மீனுக்கும் பொருத்தும் குழுக்களில் கணக்கே மாறிவிடும். சூரியனுக்கு அந்த வரம்பு 13.9 கோடி கிலோமீட்டர்; பூமி 15 கோடியில் சுற்றுவதால் மயிரிழையில் தப்புகிறது. பூமிக்கே உரிய வரம்பைக் கடக்க, ஒரு ஜி (பூமியின் ஈர்ப்புக்கு இணையான) முடுக்கத்தில் ஏறத்தாழ 6.3 மணி நேரம் போதும். பிராக்சிமா போன்ற ஒரு செங்குறுமீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வரம்பு 2.1 கோடி கிலோமீட்டர். அதன் கோள் 73 இலட்சம் கிலோமீட்டரிலேயே சுற்றுகிறது. கப்பல் வெளியே வந்து விழுந்த இடத்திலிருந்து துறைமுகம் போய்ச் சேர 21 மணி நேரம். பட்டியலில் சூரியனைப் போன்ற ஒரு ‘ஜி’ வகை விண்மீனை ‘எம்’ வகைச் செங்குறுமீன் ஆக்கிவிட்டு நான் அடுத்த உலகுக்குப் போய்விட்டேன். என் குழுவோ ஒவ்வொரு வரவிலும் கடற்கொள்ளையருக்கு பதினைந்து மணி நேரம் கூடுதலாக இலக்காகிக்கொண்டிருந்தது. அவ்வளவு அருகில் சுற்றும் கோள் ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டியே நிற்கும் என்பதால், அங்கே முன்பு அவர்கள் பார்த்த சூரிய அத்தமனமும் பொய்யாகிவிடுகிறது.

அதனால் இப்போது என் பட்டியலில் ஒவ்வொரு உலகத்துக்கும் எதிரே கூடுதலாக ஒரு கட்டம் வைத்திருக்கிறேன்: ‘கண்டவை’. மழை, அத்தமனம், துறைமுக விலை, எந்திரத்தின் தரம் என்று ஆட்டக்காரர்கள் நேரில் பட்டதெல்லாம் அதில் ஏறும். அந்தக் கட்டம் காலியாக உள்ள உலகங்களுக்குக் கடின விதியை முழுதாகப் பயன்படுத்துகிறேன். நிரம்பியிருந்தால், அதில் எழுதாத எண்களுக்குள் மட்டும் கை வைக்கிறேன். கல்லறை உள்ள உலகத்தின் விண்மீன் இன்னும் திருத்தப்படாமல் இருக்கிறது. அங்கே மாலை இருண்டது என்று தோழியின் குறிப்பேட்டில் இருப்பதால், செங்குறுமீன் ஆக முடியாது. அடுத்த மாதம் குழு அங்கே திரும்பப் போகிறது. அதற்குள் சூரியனைவிட வெப்பமான ஒரு ‘எஃப்’ வகை விண்மீனுக்குக் கணக்குப் போட்டு முடிக்க வேண்டும்.