தொப்புள்கொடி இரத்தத்தை லேபில் பெருக்குவது: நிகோடினமைடா, யுஎம்171-ஆ?

எலும்பு மஜ்ஜை கெட்டவருக்கு ஏற்றத் தொப்புள்கொடி இரத்தத்தின் ஸ்டெம்செல் (புது இரத்தச் செல்களை உருவாக்கும் மூலச் செல்) தரமானது, ஆனால் கொஞ்சம்தான் இருக்கும். 1988-இல் பாரிஸில் எலியான் குளுக்மன் குழு முதன்முதலாக அதை ஏற்றியது, எலும்பு மஜ்ஜை செயலிழக்கும் பரம்பரை நோயான ஃபான்கோனி இரத்தசோகை இருந்த ஒரு சிறுவனுக்கு. புதிதாய்ப் பிறந்த தங்கையின் கொடி இரத்தமே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. எழுபது கிலோ ஆளுக்கு ஒரு பை பெரும்பாலும் போதாது. மினசோட்டாவில் இரண்டு பைகளைச் சேர்த்து ஏற்றிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பையின் செல்கள்தான் நிலைக்கும். கிருமிகளோடு போராடும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் ஏறுவதற்குள் மூன்று வாரம் ஓடிவிடும். அந்த மூன்று வாரமும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்.

சரி, லேபில் பெருக்கினால்? வளர்ச்சிக் காரணிகளை மட்டும் ஊற்றினால் செல்கள் பெருகும், ஆனால் பெருகும்போதே முதிர்ந்துவிடும். ஸ்டெம்செல்லை ஸ்டெம்செல்லாகவே வைத்திருப்பதுதான் கஷ்டம்.

ஒமிடுபிசெல் என்ற பெருக்கிய கொடி இரத்தத் தயாரிப்பு இதற்கு வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமான நிகோடினமைடைப் பயன்படுத்துகிறது. வளர்ப்பு சுமார் மூன்று வாரம். அதே பையின் பெருக்காத பகுதியையும் அதிலுள்ள டி-செல்களோடு (நோயெதிர்ப்புச் செல்கள்) சேர்த்தே ஏற்றுகிறார்கள். 125 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் நியூட்ரோஃபில் ஏற இதற்கு ஆன இடைநிலைக் காலம் 12 நாள், வழக்கமான கொடி இரத்தத்துக்கு 22 நாள். கடுமையான பாக்டீரியா, பூஞ்சைத் தொற்றும் குறைந்தது. 2023 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அனுமதி கொடுத்தது. அறிவித்த விலை 3,38,000 டாலர்!

மாண்ட்ரியலில் கண்டுபிடித்த யுஎம்171 மூலக்கூறுக்கு ஏழே நாள் வளர்ப்பு போதும். 22 பேருக்கு ஏற்றிய தொடக்கச் சோதனையில் நியூட்ரோஃபில் ஏற 18 நாள் ஆனது. சோதனைகள் வேறு வேறு என்பதால் 12-ஐயும் 18-ஐயும் நேருக்கு நேர் வைக்க முடியாது. எனக்குப் பிடித்தது வேறொன்று. இந்த முறையில் சின்னப் பைகளும் பயன்படும், அதனால் அளவுக்காக எச்எல்ஏ (கொடையாளரும் நோயாளியும் ஒத்துப்போகிறார்களா என்று பார்க்க உதவும் செல் அடையாளங்கள்) பொருத்தத்தில் விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் தளர்கிறது. ஐரோப்பா 2025-இல் இதற்கு நிபந்தனையோடு அனுமதி தந்தது.

மடங்குக் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். எஸ்ஆர்1 என்ற மூலக்கூறு ஸ்டெம்செல்கள் அடங்கிய சிடி34 செல்களை 330 மடங்கு பெருக்கியது. அதை மேற்கொண்டு வளர்த்த நிறுவனம் 2020-இல் திட்டத்தையே நிறுத்திவிட்டது. நாட்ச் என்ற செல் சமிக்ஞையைத் தூண்டிப் பெருக்கும் சியாட்டில் முறையில் கிடைத்த செல்கள் தொடக்க வாரங்களைக் கடத்த உதவின, நிலைப்பது குறைவு.

உண்மையான போட்டி லேபுக்கு வெளியே இருக்கிறது. அப்பா, அம்மா, பிள்ளை, உடன்பிறந்தவர் என்று பாதி பொருந்தும் யாராவது பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்துவிடுவார்கள். அவர்களிடமிருந்து செல் எடுத்து ஏற்றி, அந்தச் செல்கள் நோயாளியின் உடலைத் தாக்காமல் இருக்க மூன்றாம் நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து கொடுப்பது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை வளர்த்தெடுத்த வழி. 368 பேரைச் சேர்த்து 2021-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் இரண்டு ஆண்டு உயிர்வாழ்வு இதில் 57%, இரட்டைக் கொடி இரத்தத்தில் 46%. அங்கே தோற்றது பெருக்காத கொடி இரத்தம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என் கணக்கு இப்படி: வீட்டில் பாதிப் பொருத்தம் இருந்தால், அதுவும் கைக்காசு போட்டுச் சிகிச்சை செய்பவர் என்றால், அதுதான் முதல் வழி. கொடையாளர்களின் எச்எல்ஏ-வுக்கு எதிராக நோயாளியின் உடலில் எதிர்ப்பொருள் இருந்து, அதைக் குறைக்கவும் முடியாவிட்டால் கதை மாறும். அப்போது தொற்று அபாயம் அதிகமாக இருப்பவருக்கு ஒமிடுபிசெல். பொருத்தமான பைகள் எல்லாம் சின்னதாகவே கிடைத்தால் யுஎம்171.