300 எம்பிபிஎஸ் இன்டர்நெட் பிளானுக்குப் பணம் கட்டி 100-ல் ஓட்டிய கதை

புதிதாக ஃபைபர் இணைப்பு போடப்போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். நான் ஐந்து மாதம் ஏமாந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவர்களிடம்தான் வாங்கியிருக்கிறோம்.

பிளான் விற்க வந்த பையன் சொன்னது இது: "சார், செகண்டுக்கு 300 எம்பி. டீ ஆறுறதுக்குள்ள முழுப் படமும் இறங்கிடும்." மாதம் 999 ரூபாய். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இணைப்புக் கட்டணம் கிடையாது. 18 சதவீத ஜிஎஸ்டியோடு 7,073 ரூபாயை உடனே அனுப்பிவிட்டேன்.

முதல் வாரமே, கேபிள் செருகிய கம்ப்யூட்டரில் 6 ஜிபி ஃபைல் ஒன்றை இறக்கினேன். அந்தப் பையன் கணக்குப்படி 20 விநாடி. ஆனது ஏறக்குறைய ஒன்பது நிமிடம். விநாடிக்கு 11.5 எம்பி என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் பாடம் எடுத்தார்கள். "நீங்க பாக்குறது மெகாபைட் சார், நாங்க சொல்றது மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தாத்தான் ஒரு பைட். அதனாலதான் கம்மியாத் தெரியுது." இதுகூடத் தெரியாமல் கேட்டுவிட்டோமே என்று கூச்சமாகிவிட்டது. சரி என்று வைத்துவிட்டேன்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, நான் ஏமாந்ததும் அதனால்தான். லைனின் வேகத்தைப் பிட்டில் சொல்வது பழைய வழக்கம். டயல்அப் காலத்து 56 கேபிபிஎஸ் மோடமிலும் அப்படித்தான், ஃபைல் என்னவோ விநாடிக்கு ஐந்தாறு கேபிதான் இறங்கும். ஃபைலின் அளவு எப்போதும் பைட்டில். ஆங்கிலத்தில் சின்ன 'பி' போட்டால் பிட், பெரிய 'பி' போட்டால் பைட். என் பில்லையே பாருங்கள்: வேகம் 300 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 300 மெகாபிட், அது பிட். மாத வரம்பு 3,300 ஜிபி, அது பைட். ஒரே தாளில் இரண்டு அளவை!

ஆனால் அன்றைக்கே எட்டால் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். 300-ஐ எட்டால் வகுத்தால் 37.5. வழியில் போகும் கழிவெல்லாம் நீக்கினாலும் 35 பக்கம் வர வேண்டும். எனக்கு வந்த 11.5-ஐ எட்டால் பெருக்கினால் 92. அதாவது நான் ஓட்டிக்கொண்டிருந்தது 100 எம்பிபிஎஸ் இணைப்பு. அந்த பிளான் அவர்களிடமே மாதம் 699-தான்.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. பொங்கலுக்கு வந்த மச்சினன் தன் லேப்டாப்பில் கேபிளைச் செருகி ஸ்பீட் டெஸ்ட் போட்டான். 94. மூன்று தடவை போட்டும் அதே 94. கீழேயும் போகவில்லை, மேலேயும் போகவில்லை. "மாமா, லைன்ல குறைன்னா ஏறி இறங்கும். இது எங்கயோ முட்டி நிக்குது" என்று சொல்லிக்கொண்டே, கம்பெனி மாட்டிவிட்டுப் போன ரவுட்டர் பெட்டியைத் திருப்பினான். கேபிள் செருகும் ஓட்டைகள் எல்லாவற்றின் மேலும் 'எஃப்இ'. ஃபாஸ்ட் ஈதர்நெட்டாம். தொண்ணூறுகளில் வைத்த பெயர், அப்போது அது வேகம்தான். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் அதில் ஒரு சொட்டு வராது. 'ஜிஇ' என்று போட்ட ஓட்டைதான் 1,000 வரை தாங்கும். வைஃபையும் வேகம் குறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும், அதில் 50-ஐத் தாண்டவே இல்லை.

அலுவலகத்துக்கு நேரில் போனேன். "உங்க பிளான் 300-தான் சார், பாக்ஸ்தான் சாதா பாக்ஸ்" என்றார் அங்கிருந்தவர். குழாய் பெரிசு, டம்ளர்தான் சின்னது என்கிற மாதிரி. வேறு பெட்டிக்கு 1,800 கேட்டார். அவர்களுடைய விளம்பர நோட்டீஸைக் காட்டினால், 300-க்குப் பக்கத்தில் கடுகளவு எழுத்தில் இருந்த 'வரை'யைத் தொட்டுக் காட்டினார். நான் அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்கிய பிறகுதான் இறங்கிவந்தார்கள். இரண்டே நாளில் ஜிஇ பெட்டி வந்தது, காசில்லாமல். அதே 6 ஜிபி ஃபைல் மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது.

இணைப்புக் கொடுக்க வரும் பையன் கிளம்புவதற்குள் கேபிளில் சோதித்துவிடுங்கள், வைஃபையில் வேண்டாம். எண் 94-லேயே நின்றால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

ஐந்து மாதத்து வித்தியாசம் வரியோடு 1,770 ரூபாய். கேட்டுக்கொண்டே இருக்கிறேன், "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம் சார்" என்கிறார்கள். நேற்று மாடிவீட்டு அக்காவின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அவர் கட்டுவது 500 எம்பிபிஎஸ் பிளானுக்கு. அங்கேயும் எஃப்இ.