கேத்தியில் கூலிங் டவர்: ஓட்டிப் பார்த்த அனுபவம்

மலையில்தான் இவ்வளவு குளிர் இருக்கிறதே, கூலிங் டவர் எதற்கு என்று கேட்காத விருந்தினர் இல்லை. ஊட்டியை அடுத்த கேத்தியில் எங்கள் மொட்டுக் காளான் பண்ணை இருக்கிறது. காளான் மொட்டுவிடும் அறைகள் 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆனால் காளான் வளரும் உரக்கலவை இரவும் பகலும் வெப்பத்தை உமிழ்கிறது. அதைச் சில்லர் என்ற குளிரூட்டும் இயந்திரம் இழுத்து நீரில் சேர்க்கிறது. அந்த நீரில் ஒரு சிறு பங்கை விசிறிக் காற்றில் ஆவியாக்கி, மீதியை ஆற்றித் திருப்பி அனுப்புவதுதான் டவரின் வேலை.

பல ஆண்டுகள் ஓட்டியபின் உறுதியாகச் சொல்கிறேன்: மலைக்குப் பெரிய டவர் வேண்டாம், விசிறிக்கு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வையுங்கள். விசிறி இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிப்படி மாறும். வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எங்கள் விசிறி முழு வேகத்தில் சுழல்வது கோடைப் பகலில் மட்டுமே.

ஒரு கணக்கை மட்டும் நம்பாதீர்கள். நீர் எதுவரை ஆறும் என்பதைத் தீர்மானிப்பது காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காற்றில் காட்டும் அளவு. சமவெளியில் அது 28 டிகிரியாக இருக்கும்போது 32 டிகிரி நீர் தரும் டவர், இங்கே 14 டிகிரியில் 18 டிகிரி நீர் தரும் என்பார்கள். தராது. குளிர்ந்த காற்று ஏற்கக்கூடிய நீராவி குறைவு என்பதால் அந்த 4 டிகிரி இடைவெளி விரிந்துவிடும். எங்களுக்கு நீர் 22, 23 டிகிரியில் நிற்கிறது. அதுவே பெரிய லாபம்தான். சில்லரில் வெப்பத்தை நீருக்குக் கடத்தும் கண்டென்சருக்குப் போகும் நீர் ஒரு டிகிரி குறைந்தாலே, குளிர்பொருளை அழுத்தும் கம்ப்ரஸரின் மின்சாரம் 2 முதல் 3 சதவீதம் குறைகிறது. மூடுபனி நாளிலும் குறையில்லை. டவருக்குள் காற்று சூடேறும்போது அதற்கு மீண்டும் ஈரம் ஏற்க இடம் கிடைக்கிறது.

சிக்கல் டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகளில் வரும். நீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் கண்டென்சரில் அழுத்தம் இறங்கி, குளிர்பொருள் ஓட்டம் குன்றி, சில்லர் தானாக நின்றுவிடும். விசிறியை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும், நீரை டவருக்குள் விடாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வும் கட்டாயம் தேவை.

இங்குள்ள நீர் மென்மையானது, ஆகவே சுண்ணாம்புப் படிவு அரிது. ஆனால் துத்தநாகம் பூசிய இரும்புத் தொட்டியை அது விரைவில் அரிக்கிறது. ஃபைபர் தொட்டியே நிற்கும். தைல மர இலையும் பாசியும் நீர் தெளிக்கும் நாசில்களை அடைக்கும். வாரந்தோறும் வடிகட்டி வலையைக் கழுவுகிறோம். நீர் 6, 7 டிகிரி ஆறினால் சுற்றிவரும் நீரில் சுமார் ஒரு சதவீதம் ஆவியாகிறது. ஏப்ரல், மே மாதங்களில் அதற்கும் சேர்த்துத் தண்ணீர் சேமித்து வைக்க வேண்டியிருக்கிறது.